எட்டுச் சிலிண்டரும் கொடிக்கயிறும்

குகதாசன் வைத்திருந்த காரைப் பற்றி சுவிஸில் எம்மன்புரூக்கேயில் இருந்த நம் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. கருத்துச் சொன்னவர்கள் எல்லாரும் அதில் ஓசியில் ஏறியும் இருந்தார்கள். எழுபத்தோராம் ஆண்டுச் செவர்லே. எட்டுச் சிலிண்டர். முன்பக்கம் மட்டுமே ஒரு கட்டில் நீளம். ஊருக்குத் திரும்பிப் போன இத்தாலியன் ஒருவனிடம் மலிவாக வாங்கியது. ஏன் அவ்வளவு மலிவு என்பது முதல்தரம் பெற்றோல் அடித்தபோது விளங்கியது.

எண்பத்தேழாம் ஆண்டு மார்ச்சில் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோனான். நீலப்புகை போகிறது, நாலு கிழமைக்குள் திருத்திக் காட்டு, இல்லையென்றால் நம்பர்த் தகட்டைக் கழற்றித் தா என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தகடு போனால் கார் மட்டும் போகாது. நூல் தொழிற்சாலையில் அவனுக்குக் காலை ஐந்து மணி வேலை. முதல் பஸ் ஐந்தரைக்குத்தான். அவன் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு வயது மகளைக் கையில் வாங்கினால்தான் மனைவி ஜெயமலர் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் துணி மடிக்கப் போகலாம். அந்த வேலைக்கு அவள் ஏழு மாதம் காத்திருந்தவள்.

"ஐஞ்ஞூறு பிராங். அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை. என்ன செய்யப்போறியள் எண்டு ஒரு தாளிலை எழுதிக் காட்டுங்கோ" என்றாள் ஜெயமலர்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் மாநாடு கூடியது. தலைமை, நித்தியானந்தன் அண்ணை. ஊரில் பஸ் டிப்போவில் பதினாலு வருடம் வேலை செய்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். மற்றவன் தவச்செல்வன். ஒவ்வொரு நாளும் பின்சீற்றில் நித்திரை கொண்டபடி வேலைக்கு வருபவன். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தேத்தண்ணியும் வடையும் உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தான்.

குகதாசன் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுத, நித்தி அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"எஞ்சினைத் தூக்கி வெளியிலை எடுக்கிறம். பிஸ்டன் றிங் எட்டுச் செற். பேரிங் முழுக்க. கேஸ்கட் எல்லாம் புதிசு. பிறகு கேம்சாஃப்ட், கொஞ்சம் பெரிசாய்."

"கேம்சாஃப்ட் எண்டால் என்னண்ணை?" என்று அடுப்படியில் நின்ற ஜெயமலர் கேட்டாள்.

"எஞ்சினுக்கு மூச்சு விடப் பழக்கிற சாமான், தங்கச்சி."

"இப்ப அது விடுற மூச்சுக்கே மேல்வீட்டு மனிசி யன்னலைச் சாத்துறா."

தவச்செல்வன் வடையோடு சிரித்தான். நித்தி அண்ணை அதைக் காதில் போடவில்லை. "நாலு வாய்க் காபரேட்டர்" என்றார்.

"வீட்டிலை மூண்டு வாய்க்கே இவர் உழைக்கிறது காணாது" என்றாள் ஜெயமலர்.

குகதாசனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கை தானாகவே 'நாலு வாய்' என்று எழுதிவிட்டது. உண்மையைச் சொன்னால், அவனுக்கும் ஆசைதான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருக்கும் சுவிஸ் பெடியங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு வேறு காரணம் இருக்கவில்லை. மாநாடு முடியும்போது தாளின் அடியில் இரண்டாயிரத்து எழுநூறு நின்றது.

ஜெயமலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எடுத்து வாசித்தாள். "நல்ல வடிவாய் எழுதியிருக்கிறியள். இதை ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. இவ்வளவும் எதுக்கு?"

"புகையை நிப்பாட்டத்தான்" என்றான் குகதாசன்.

"எந்தப் புகையை?"

"எந்தப் புகையோ? எத்தினை புகையப்பா கிடக்கு?"

"விடியப்புறம் ஸ்ராட் பண்ணேக்கை ஒரு குவியல் வரும். நீங்கள் மூலை திரும்ப முன்னம் அது நிண்டிடும். ஏத்தத்திலை ஐஞ்சு தடியங்களை ஏத்திக்கொண்டு போகேக்கை துளிப் புகையும் இல்லை. பிறகு ஒண்டரைக்கு இறக்கத்திலை வந்து, கீழை வந்து திரும்ப அக்சிலேட்டரை அமத்துவியள் பாருங்கோ, அப்பத்தான் அடுத்த குவியல். அதுக்குத்தானே நான் ஒண்டேகாலுக்கே ஓடிப்போய்க் கொடியிலை கிடக்கிற உடுப்பை அள்ளுறன். ஏத்தத்துக்கு ஒரு நாளும் அள்ளினதில்லை."

குகதாசன் நித்தி அண்ணையைப் பார்த்தான். அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணை?"

"ஏத்தத்திலை புகை இல்லையெண்டால்..." என்று இழுத்தார். "றிங் பிழையில்லை. வால்வுக்கு மேலை இருக்கிற றப்பர் காஞ்சு போச்சு. எண்ணெய் வடிஞ்சு உள்ளை போகுது."

"றப்பர் எவ்வளவு?"

"பதினாறு துண்டு. அறுபது, எழுபது பிராங் வரும்."

தவச்செல்வன் வடை மெல்லுவதை நிறுத்தினான்.

"ஆனால் அதுக்கு எஞ்சினைக் கழட்டோணும், என்ன அண்ணை?" என்றான் குகதாசன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"தேவையில்லை. ஒரு கயிறு வேணும்."

"கட்டி இழுக்கவோ?" என்றான் தவச்செல்வன்.

நித்தி அண்ணை விளங்கப்படுத்தினார். ஸ்பார்க் புளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள்ளால் கயிற்றை நிரப்பி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு உள்ளே விழாது. றப்பரை மாற்றிவிட்டுக் கயிற்றை உருவினால் சரி. சொல்லிக்கொண்டு போகையில் அவருடைய குரலே மாறிவிட்டது. இவ்வளவு நேரமும் கதைத்த மனிதர் இல்லை. தெரிந்த வேலையைச் சொல்கிற மனிதர்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ எங்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு எழுதினியள்?" என்றாள் ஜெயமலர். கேட்ட விதத்தில் கோபம் பாதி, சிரிப்புப் பாதி.

நித்தி அண்ணை வெறுங்கோப்பையைத் தள்ளி வைத்தார். "தங்கச்சி, பதினாலு வருசம் டிப்போவிலை எனக்குத் தந்தது உந்தக் கயித்து வேலைதான். எஞ்சின் பிரிக்கிறதெல்லாம் பெரிய ஆக்கள். நான் பக்கத்திலை லாம்பு பிடிப்பன். ஒருக்காலாவது முழு எஞ்சினையும் என்ரை கையாலை பிரிச்சுப் பூட்டிப் பாக்கோணும் எண்டு... இஞ்சை வந்தும் கயித்து வேலையோ எண்டு ஒரு இது."

ஜெயமலர் அவருடைய கோப்பையை எடுத்து இன்னொரு தேத்தண்ணி ஊற்றினாள். "அந்த ஆசைக்கு இவரின்ரை காரோ கிடைச்சது? தவம் ஒரு கார் வாங்கட்டும், அதைப் பிரியுங்கோ."

"அக்கா, நான் இனிக் கார் வாங்கவே மாட்டன்" என்றான் தவச்செல்வன்.

அடுத்த சனிக்கிழமை, காரின் கீழே பெட்டி மட்டைகளை விரித்து, கட்டிடத்துக்குப் பின்னால் வேலை தொடங்கியது. ஜெயமலர் தன்னுடைய கொடிக்கயிற்றைக் கழற்றித் தந்தாள். தரும்போது, "எண்ணெயோடை திருப்பித் தந்தியளோ, உங்களைத்தான் கட்டிக் காயப்போடுவன்" என்று குகதாசனிடம் சொன்னாள். நித்தி அண்ணை நேரே வேலையில் இறங்கினார். வாயில் கயிற்று நுனி, கையில் ஸ்பானர். ஒரு சிலிண்டர், அடுத்தது. கயிற்றின் மறு முனையில் ஒரு முடிச்சுப் போட்டு வெளியில் விட்டார், முழுக்க உள்ளே போய்விடாமல். குகதாசன் லாம்பு பிடித்தான், தவச்செல்வன் சாமான்களை எடுத்துக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கட்டிடம் பார்க்கும் அப்வார்ட் மணிக்கூட்டைத் தட்டிக்கொண்டு வந்தார். அங்கே மத்தியானம் ஒரு மணி வரைக்கும் சத்தம் போடக் கூடாது. வந்து நின்று காதைக் கொடுத்தார். சத்தமே இல்லை. ஒரு மனிதர் காருக்குள் கயிற்றை ஊட்டிக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியே நின்று பார்த்தார். ஆறாவது சிலிண்டரில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் நெல்மணி அளவான பூட்டுத்துண்டு ஒன்று துள்ளிப் புல்லுக்குள் விழுந்தபோது, மற்ற மூன்று பேரும் தவழ, கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து அதைக் கண்டெடுத்தவரும் அவர்தான்.

சோதனை புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு. குகதாசன் அரை நாள் லீவு எடுத்தான். முடிந்ததும் நேரே வேலையில் இறக்கிவிடலாம் என்று ஜெயமலரும் மகளோடு ஏறினாள். வாசலில் நித்தி அண்ணை நின்றார். தன்னுடைய கலியாணக் கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டிருந்தார்.

"அண்ணை, பொம்பிளை பாக்கப் போகேல்லை" என்றாள் ஜெயமலர்.

"எப்பிடியும் ஒரு கேள்வி கேப்பாங்கள், தங்கச்சி."

சோதிப்பவர் காரை நிறுத்தி வைத்தபடி எஞ்சினை ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டார். பிறகு அக்சிலேட்டரைச் சடாரென்று அமத்தினார். குகதாசன் புகைக்குழாயைப் பார்க்கவில்லை. ஜெயமலரின் முகத்தைப் பார்த்தான். அவள் இத்தனை மாதமும் புகை பார்த்த ஆள். அவள் முகம் மெல்ல இளகியது. சோதிப்பவர் இன்னொரு தரம் அமத்தினார், பிறகு தேவையில்லாமலே மூன்றாம் தரமும். எட்டுச் சிலிண்டரின் சத்தம் அந்த மனிதருக்கும் பிடித்திருந்தது போல. தாளில் முத்திரையைக் குத்திவிட்டு, யார் திருத்தியது என்று ஜெர்மனில் கேட்டார்.

குகதாசன் நித்தி அண்ணையைக் காட்டினான்.

நித்தி அண்ணைக்குத் தெரிந்த ஜெர்மன், கோப்பை கழுவுகிற ஜெர்மன். ஆனாலும் கைகள் இருந்தன. கயிறு உள்ளே போனது, பிஸ்டன் ஏறியது, வால்வு நின்றது. சோதிப்பவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டார். நித்தி அண்ணை கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

சுவரில் மணி ஒன்று நாற்பது. ஒன்று நாற்பத்திரண்டு.

"இஞ்சேரப்பா, மனிசனைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் ஜெயமலர்.

"இப்ப எப்பிடியப்பா கூப்பிடுறது? முகத்தைப் பாரும்."

அவள் பார்த்தாள். அவரை இடையில் நிறுத்த அவளுக்கும் வாய் வரவில்லை. மூன்றாவதாக ஒருவர் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியதும், மகளைக் குகதாசனிடம் கொடுத்துவிட்டுப் போய், நித்தி அண்ணையின் கோட்டுக் கையைப் பிடித்தாள். "அண்ணை, மிச்சத்தைக் காரிலை சொல்லுங்கோ. இரண்டு மணிக்கு நான் அங்கை நிக்கோணும்."

அவர் காரிலும் சொன்னார். இரண்டாவது சிலிண்டரிலிருந்து ஏழாவது வரைக்கும், ஒன்றும் விடாமல். ஆஸ்பத்திரி வாசலில் ஜெயமலர் இறங்கியபோது இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவள் ஓடத் தொடங்கி, நின்று, திரும்பிக் கார் யன்னலுக்குள் தலையை விட்டாள்.

"எட்டாவது என்ன நடந்தது எண்டு இரவைக்கு எனக்குச் சொல்லோணும், அண்ணை. சாப்பாட்டுக்கு வாங்கோ."