டிக் போடாத கட்டம்

தையல்காரனின் போன் காலையிலிருந்தே டிங் டிங்கென்று உயிரை வாங்கும். அதே வீட்டில் கூடக் குடியிருக்கும் படக்காரனின் போன் சார்ஜ் ஏறிக் கிடப்பதோடு சரி. இருவருமே ஆண்களை விரும்பும் ஆண்கள். இருந்தது ஒரே டேட்டிங் செயலியில். தையல்காரனின் அம்மா வெள்ளைக்காரி. படக்காரனோ அம்மா, அப்பா இரண்டு பக்கமும் நல்ல கறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

"ஒருத்தன்கூடவாடா உனக்கு எழுதல?" என்று தையல்காரன் பாவப்பட்டுக் கேட்கும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். பாவப்படுகிறானாம், பெரிய இவன்!

போட்டோ ஸ்டூடியோவில் இவனுக்கு வேலை முகங்களைத் திருத்துவது. கேட்காதவர்களையும் இரண்டு படி வெளுத்துத்தான் அனுப்புவான். செயலியில் போட்ட தன் படத்துக்கு மூன்று படி.

மூன்று வாரத்துக்கு முன் பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தான். இவனைப் போலவே கறுப்பு. திரையை எட்டிப் பார்த்து, "ஐயோ, என் மூஞ்சியை விட்டுடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தவன்தான் இவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. தினமும் செயலியில் தேடினான். ஆள் அகப்படவே இல்லை. நம்ம வகை இல்லை போல என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஞாயிறு மதியம் அழைப்பு மணி அடித்தது. தையல்காரன் குளித்துக்கொண்டிருந்ததால் இவன் கதவைத் திறந்தான். புதுச் சட்டையில் பிசியோதெரபிஸ்ட் நின்றான்.

"நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? உங்க ஃபிரெண்டைப் பார்க்க வந்தேன். செயலியில பழக்கம்."

இவன் கதவைப் பிடித்தபடியே கேட்டான். "அதுல உங்களை நான் பார்த்ததே இல்லையே."

"எப்படித் தெரிவேன்? யார் யாரைக் காட்டணும்னு கேட்ட இடத்துல எல்லா இனத்துக்கும் டிக் போட்டிருக்கீங்க, நம்ம கட்டத்தைத் தவிர. அது உங்க ப்ரொஃபைல் பக்கத்துலயே தெரியுதே." அவன் குரல் இறங்கியது. "ரெண்டு தடவை உங்களுக்கு எழுதினேன். அனுப்பாம அழிச்சுட்டேன்."

செயலியில் சேர்ந்த அன்று, இந்த மூஞ்சியைக் கண்ணாடியில் பார்ப்பது போதாதா என்று அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனது இவனேதான். பிறகு சுத்தமாக மறந்துவிட்டான். ஊரான் எவனும் தன்னைத் தேடவில்லை என்று ஊரையே திட்டியதுதான் மிச்சம்.

தையல்காரன் சென்ட் மணக்க வந்து பிசியோதெரபிஸ்ட்டின் தோளில் கை போட்டான். "டேய், எங்களை ஒரு படம் எடுடா."

எடுத்தான். பழக்க தோஷம், விரல் வெளிச்சத்தைக் கூட்டப் போனது. பிசியோதெரபிஸ்ட் வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினான்.

அவர்கள் படியிறங்கியதும் இவன் செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டான். முதல் முகமே அவனுடையதுதான், ஸ்டூடியோவில் இவன் எடுத்த அதே படம். அதன் கீழே, நூறு மீட்டர் தொலைவில் என்றிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான்.

இருநூறு ஆயிற்று. பிறகு முந்நூறு.