ஏழாவது அறையைப் புதிய விதிக்கு மாற்றுதல்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகத் தெரிந்துகொண்டு என் மானத்தை வாங்க வேண்டாம்.

மேசையில் கிடந்தது முப்பத்திரண்டு பக்கச் சாகச விளையாட்டுப் புத்தகம். ஒருவர் அதைப் பார்த்துக் கதையை நடத்தி, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி "கதவைத் திறக்கிறேன்", "ஓடுகிறேன்" என்பார்கள். பலித்ததா என்று பகடை சொல்லும். விளையாட்டின் விதிகள் புதிய பதிப்பாக வந்துவிட்டதால், பழைய சாகசத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருந்தாள் அக்கா. பழைய எண் சிவப்பு மையில், புதியது நீல மையில். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பவர் கால் புள்ளி பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "குகை வாயிலில் காற்று ஓலமிட்டது. தாழ்ப்பாள் என்ற திருடன் தன்

[விட்டுவிட்டேன். அந்தக் காற்றை என்னாலேயே நம்ப முடியவில்லை.]

இரண்டாவது: "பதினொரு வருடமாக அண்ணனும் அக்காவும் ஒரே மேசையில் உட்காரவில்லை." இது நிஜம். இதையே வைத்துக்கொள்வோம்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். தாழ்ப்பாள் அவருடைய பாத்திரம், ஆறு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த திருடன். இதே சாகசத்தின் ஏழாவது அறையில் ஒரு பெட்டியைத் திறந்தபோது விஷ ஊசி குத்தியது. பழைய விதியில் ஒரே ஒரு பகடைதான், தவறினால் சாவு. மூன்று விழுந்தது, போதவில்லை.

"நான் கேட்டுட்டுத்தானே தொட்டேன்?" என்றார் அண்ணன்.

"விதின்னா விதிதான்," என்றாள் கதை நடத்திய அக்கா.

எழுந்து போனவர்தான். நல்லது கெட்டதுக்குப் போனில் பேசுவார், அவ்வளவுதான்.

(ஒரு விளையாட்டுக்காகவா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நடுவில் ஒரு காதல் தகராறைச் செருகலாமா என்று நானும் பார்த்தேன், ஒட்டவில்லை. திருடன் செத்தது கூட இல்லை, கூடப் பிறந்தவள் தன்னை நம்பவில்லை என்பதுதான் அண்ணனுக்கு வலி. அன்று நானும் அக்கா பக்கம்தான் பேசினேன்.)

போன மாதம் அக்காவே போன் செய்தாள். "அண்ணா, அதே குகை. புது விதி. ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

"ஒரு வாட்டி வரேன்," என்றார் அண்ணன். "சரிப்படலன்னா எந்திரிச்சிருவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

3.

பழைய விதியில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். புதியதில் தலைகீழ். எல்லா எண்ணையும் கவனமாகத் திருப்பியவள், காவல் நிற்கும் கற்சிலையின் கவச எண்ணான இரண்டை மட்டும் இரண்டாகவே விட்டுவிட்டாள். ஒத்திகையில் மாமா, அதாவது அக்காவின் கணவர், கண்ணை மூடிக்கொண்டு வீசிய அடியெல்லாம் விழுந்தது. நாலாவது அடியில் சிலை பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுவா காவல்? நம்ம வீட்டுக் கொசுவலையே தேவலையே," என்றார் மாமா.

ஆனால் ஐந்தாவது அறையில் நாற்பது பேய்கள். நாலாகக் குறைத்தால்தான் விளையாடுபவர்கள் ஜெயிக்க முடியும் என்கிறது புதிய விதி. அக்கா பேனாவை மூடி வைத்தாள். "நாப்பதும் இருக்கட்டும்டா. இது சண்டை போடற ரூம் இல்ல, ஓடற ரூம்."

எழுந்து கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. முகம் தெரியாத யாரோ எழுதியதை, அவர் என்ன நினைத்து எழுதினார் என்று பார்த்துப் பார்த்து மாற்றுகிறாள். அவளைக் கதையாக மாற்றும் நான் அதில் பாதிக் கவனம் எடுத்திருப்பேனா, சந்தேகம்தான்.

[இங்கே ரொம்ப நல்லவளாகிவிட்டாள். சிலை விஷயத்துக்காக மாமாவிடம் அரை நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.]

4.

ஊசிக்கு வந்தோம். புதிய விதியில் விஷம் ஏறினால் மயக்கம்தான். பிழைக்க இன்னும் சில பகடைகள் உண்டு.

"மாத்திடு, மச்சான் பிழைச்சுக்குவார்," என்றார் மாமா.

"பாவம் பாத்து விட்டுக்கொடுத்தேன்னு நினைச்சு எந்திரிச்சிருவார்," என்றாள் அக்கா.

நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன். அ: ஊசி விதியை இளக்குகிறாள், அண்ணன் பிழைக்கிறார், கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை.) ஆ: இளக்கவில்லை, மறுபடியும் மூன்று. (கை வரவில்லை.)

சனிக்கிழமை காலை இரண்டும் குப்பைக்குப் போயின. ஏழாவது அறையை வரி வரியாகப் படியெடுத்த அக்கா பக்கத்தைத் திருப்பினாள். மறுபக்கத்தின் உச்சியில் அதே அறையைப் பற்றி இன்னும் ஒரு வரி இருந்தது: "உற்றுப் பார்த்தால், பூட்டருகே ஒரு பல்லி செத்துக் கிடப்பது தெரியும்."

அன்று அண்ணன், "பெட்டில ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டிருந்தார். பக்கத்தைத் திருப்பாமலே, "ஒண்ணுமில்ல, வெறும் பெட்டி," என்று அக்கா சொல்லியிருந்தாள். கடையில் பவர் சீட்டின் பின்பக்கத்தைப் பார்க்காமல் மெஷினைத் தொடாதவள்.

"அவர் கேட்டாருடா," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "சரியாத்தான் கேட்டாரு. பல்லி செத்துக் கிடக்குன்னு சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டாரு."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? நாளைக்குப் பல்லியையும் சேத்து வாசிச்சிரு, போதும்," என்றேன்.

[இந்த வசனத்தை அடித்துவிட ஆசை. நான் சொன்னதுதான், இருக்கட்டும்.]

5.

ஞாயிறு மதியம் அண்ணன் வந்தார். தாழ்ப்பாளுக்கு ஒரு தம்பியை எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது பேய்களைக் கண்டதும் முதல் ஆளாக ஓட்டம் பிடித்து, சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இதற்குமேல் எதையும் கிளறாமல் இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

ஏழாவது அறை. அக்கா வாசிக்க ஆரம்பித்து, பெட்டி என்ற சொல்லோடு நிறுத்தினாள். கதை நடத்துபவர் யாரும் தன் புத்தகத்தை எதிரே இருப்பவருக்குக் காட்டமாட்டார். அவள் அதை அண்ணன் முன்னால் திருப்பி வைத்தாள்.

"அண்ணா, இந்த வரிய அன்னிக்கு நான் படிக்கல. நீங்க கேட்டீங்க, நான் இல்லன்னுட்டேன். தப்பு என்னோடது."

அண்ணன் ஒரு முறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்தேன். இந்தக் கதைக்காக எத்தனையோ விஷயங்களை மாற்றியிருக்கிறேன். அதில் மட்டும் கைவைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆகவே அண்ணனின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பதினொரு வருடம் போய்விட்டது, அது திரும்பாது. எதிரே உங்கள் தங்கை, கண்ணை எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பகடை கிடையாது.

என்ன செய்கிறீர்கள்?