காரைச் சூடேற்றப் போனவர்

1967 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை. அன்று கிரீன் பே ஊரின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த நாற்பது வருடங்களில் "அன்னைக்கு நானும் அங்க இருந்தேன்" என்று என்னிடம் சொன்னவர்களை எண்ணியிருந்தால் ஊர் ஜனத்தொகையைத் தாண்டியிருக்கும். என் கணவர் ஆர்லனை அந்தப் பொய்க்காரர்களோடு சேர்க்க முடியாது. அவர் இருந்தார். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடியும்வரை இருந்தார்.

அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு முப்பத்து மூன்று. அவர் காகித ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளர். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தேன். காலையில் ரேடியோவில் பூஜ்யத்துக்குக் கீழே பதின்மூன்று டிகிரி பாரன்ஹீட் என்றார்கள். இரண்டு பெண்பிள்ளைகளையும் என் தங்கை வீட்டில் விட்டோம். "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அவள். எங்கள் ஊர் அணி சாம்பியன் பட்டத்துக்கு டாலஸ் அணியோடு ஆடுகிறது. அந்தக் கால விதிப்படி உள்ளூரில் டெலிவிஷனில் காட்டமாட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா?

மான் வேட்டைக்குப் போடும் உடுப்பை இருவரும் போட்டுக்கொண்டோம். ஆர்லனின் இடதுகாலில் இரண்டு விரல்கள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே காட்டியிருந்தார். "கொரியாவுல விட்டுட்டு வந்துட்டேன்," என்றார். சண்டையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நானும் துருவவில்லை. அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தான், பெண்களும் அப்படித்தான்.

எங்கள் இருக்கைகள் தெற்கு முனையில், கோல் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி. பக்கத்து இருக்கை எம்மெட்டுடையது. பால் வண்டி ஓட்டுகிறவர். ஏழு வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர். நாங்கள் போனபோதே காலடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"வெர்னா, உன் மூக்கு இன்னும் உன்கிட்டதான் இருக்கா? தொட்டுப் பாத்துக்கோ."

"இருக்கு. உன்னோடதுதான் பாதியைக் காணோம்."

"அது பொறந்ததுலேந்தே அப்படித்தான்."

முதல் பாதியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பிளாஸ்கில் இருந்த காபியை மூடியில் ஊற்றினால் குடிப்பதற்குள் ஓரத்தில் ஆடைபோல் பனி கட்டியது. நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது என்று வரிசை வரிசையாகச் செய்தி பரவிற்று. பேண்டு வாத்தியக்காரர்களால் ஊத முடியவில்லை. நம்மவர்கள் பதினான்கு புள்ளி எடுத்துவிட்டார்கள். அப்புறம் எதிரணி பத்து எடுத்தது. அதன் பிறகு எதுவும் நகரவில்லை. ஆட்டக்காரர்கள் கண்ணாடித் தரையில் நடப்பதுபோல நடந்தார்கள். என் கால்கள் முதலில் வலித்தன, பிறகு எரிந்தன, பிறகு இல்லாமல் போயின. குனிந்து பார்த்துத்தான் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். பேச்சும் நின்றுவிட்டது. எல்லாரும் வாயைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்திருந்தோம்.

மூன்றாம் பகுதி முடியும் சமயம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு கிழவர், தனியாக வந்தவர், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். புருவத்திலும் மீசையிலும் வெள்ளையாக உறைந்திருந்தது. வெகுநேரமாக அசையவில்லை.

"தூங்குறாரு," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர்.

ஆர்லன் அந்தக் கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"நான் போய்க் காரைச் சூடேத்துறேன்."

"இப்பவா?"

"இஞ்சின் உறைஞ்சு போயிடும். அப்புறம் ராத்திரி பூரா இங்கதான். பத்து நிமிஷத்துல வந்துடுறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். போர்வையை என் மடியில் போட்டுவிட்டுப் படியில் இறங்கினார். எம்மெட் இறங்கிப் போய்க் கிழவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். கிழவர் கண்ணைத் திறந்து, "கையை எடுடா தடியா," என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பார்க்க ஆர்லன் இல்லை. அவர் தலை கீழே வாசல் இருட்டுக்குள் போய்விட்டிருந்தது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் டாலஸ்காரர்கள் ஒரே நீள வீச்சில் பந்தைக் கொண்டுபோய் முன்னேறிவிட்டார்கள். பதினேழு, பதினான்கு. பத்து நிமிடம் கழிந்தது, இருபது நிமிடம் கழிந்தது. நான் இரண்டுமுறை படியைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். காலை எடுத்துவைக்க முடியுமா என்றுகூடத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், போக மனமும் இல்லை.

கடைசி ஐந்து நிமிடத்தில் நம்மவர்கள் பந்தை வாங்கி, மைதானம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு எங்கள் முனைக்கே வந்துவிட்டார்கள். பதினாறு விநாடி மிச்சம். கோட்டுக்கும் பந்துக்கும் இரண்டு முழம்கூட இருக்காது. இரண்டுமுறை முட்டிப் பார்த்தும் வழுக்கி விழுந்தாயிற்று. உதைத்து மூன்று புள்ளி எடுத்து ஆட்டத்தைச் சமமாக்கிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். உதைக்கவில்லை. பந்தைப் பிடித்தவன் யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் குவியலுக்குள் தானே பாய்ந்தான். அதற்கு முன்னால் ஒரு கணம் மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஐம்பதாயிரம் பேரின் மூச்சு மட்டும் மேலே புகையாக நின்றது. பிறகு பந்து கோட்டைத் தாண்டியதற்கு அடையாளமாக நடுவரின் இரண்டு கையும் உயர்ந்தன. எம்மெட் என் முதுகில் ஓங்கி அறைந்தார். அறைந்தது தெரிந்தது, வலி தெரியவில்லை.

காரை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுப் புல்வெளியில் நிறுத்தியிருந்தோம். கூட்டத்தோடு தள்ளாடிப் போய்ச் சேர்ந்தேன். ஆர்லன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையுறை இல்லை. இஞ்சின் ஓடவில்லை. ரேடியோவும் இல்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் உறைபனி. ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"ஏன் வரல?"

அவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "யாரு ஜெயிச்சா?" என்றார்.

"நம்மாளுங்கதான். கடைசி நிமிஷத்துல."

"எப்படி?"

சொன்னேன். அவர் இன்னும் கேட்டார். யார் பந்தை வைத்திருந்தான், எந்தப் பக்கம் பாய்ந்தான், சத்தம் எப்படி இருந்தது. மூச்சு புகையாக நின்றதைச் சொன்னேன். எம்மெட் அறைந்ததைச் சொன்னேன். நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுவதுபோலத் துளித்துளியாக எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவர் சாவியைத் திருப்பினார். மூன்றாவது தடவையில் வண்டி உயிர்பெற்றது.

வீட்டில் இருவரும் வெதுவெதுப்பான நீரில் கால் வைத்து உட்கார்ந்தோம். என் கால்களுக்கு உணர்வு திரும்பியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் காலுக்கு எப்போது திரும்பியது என்று தெரியாது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் புதுவருடம். மதியம் தெருமுனை மதுக்கடைக்குப் போனோம். இடம் நிரம்பி வழிந்தது. பிராந்தியும் கோழிச்சூப்புமாக எல்லாரும் நேற்றைய கதையையே பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஆர்லனிடம், "நீ அந்த முனையிலதானே உக்காந்திருந்தே, சொல்லு," என்றார்கள்.

அவர் சொன்னார். நன்றாகச் சொன்னார். என்னைவிட நன்றாக. சத்தம் அடங்கிய அந்தக் கணத்தைச் சொல்லும்போது கடையே அடங்கிற்று. மூச்சு புகையாக நின்றது. எம்மெட் முதுகில் அறைந்தார், ஆர்லனின் முதுகில்.

"வெர்னா எங்க இருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவ பாவம், மூணாவது பகுதியோட முடியலன்னுட்டா. கார்ல போய் உக்காந்துட்டா."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கேலி இல்லை, பரிதாபம்தான். எம்மெட் என்னைப் பார்த்தார், பிறகு தன் கிளாசைப் பார்த்தார். எழுந்து போய் ஆர்லனுக்கு ஒரு பீர் வாங்கிவந்து முன்னால் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விறைத்துப்போன கையைக் கதவு நசுக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நசுங்குவது தெரிந்தது, அவ்வளவுதான். "ஆமா, செம குளிரு," என்றேன்.

ஒருமுறை சொன்னதை மறுமுறை மாற்ற முடியாது. ஞானஸ்நான விருந்து, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துகள், மகள்களின் கல்யாணம் என்று எங்கே போனாலும் அந்தக் கதையைக் கேட்டார்கள். அவரும் சொன்னார். நான் காரில் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனிதர், இதை நான் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வந்து கத்தியதில்லை. என் அம்மா படுக்கையில் கிடந்தபோது அவர்தான் தூக்கிக் குளிப்பாட்டினார். அந்த ஒரு கதையில் மட்டும் என் இடத்தை எடுத்துக்கொண்டார். நான் விட்டுக்கொடுத்தேனா, அவர் பிடுங்கினாரா என்று யோசிப்பதைக்கூடக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒருநாள் மளிகைக் கடையில் எம்மெட்டைப் பார்த்தேன். ரொட்டி அலமாரிப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"அன்னைக்கு அவன் ஏன் போனான்னு எப்பவாவது கேட்டியா?"

"இல்ல."

"நானும் கேக்கல," என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

2007-இல், நாற்பதாம் வருடம் என்று, ஊர் நூலகத்தில் ரசிகர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார்கள். எம்மெட் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பதிவு செய்தவள் ரோக்ஸேன், ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபது வயது இருக்கும். ஒரு சின்ன அறையில் மேஜைமேல் கருவியை வைத்து எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தாள்.

ஆர்லன் வழக்கம்போலச் சொன்னார். அந்த மௌனம், அந்தப் புகை, முதுகில் அந்த அறை. ரோக்ஸேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, மிஸஸ் ஷார்லியே?"

"எனக்கு என்ன. நான் கார்ல..."

"இல்ல," என்றார் ஆர்லன்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கருவியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கார்ல இல்ல. அவதான் உள்ள இருந்தா. கார்ல இருந்தது நான். இப்ப நான் சொன்னதெல்லாம் அவ பாத்தது."

ரோக்ஸேன் கருவியை நிறுத்தக் கையை நீட்டினாள். "வேணாம், ஓடட்டும்," என்றார்.

"முன்னாடி வரிசைல ஒரு பெரியவரு. மீசையெல்லாம் பனி. கொரியாவுல எங்க லாரில அந்த மாதிரி எத்தனையோ பேரை ஏத்தியிருக்கேன். மடக்குன காலு மடக்குனபடியே இருக்கும், நிமித்த முடியாது. அடுக்கறதுக்கு இடம் பத்தாது. பத்தொம்போது வயசு எனக்கு. அவங்கள்ல ஒருத்தன் அடுக்குனப்புறம் கண்ணைத் தொறந்தான். உயிரோடதான் இருந்தான். நாங்க பாக்கல." கருவியைத் தன் பக்கம் லேசாக நகர்த்தினார். "அந்தப் பெரியவரு கண்ணைத் தொறந்துட்டா என்ன பண்றதுன்னு தெரியல. அதான் எழுந்து போயிட்டேன். கார்ல உக்காந்திருந்தப்ப ஜனங்க கத்துன சத்தம் கேட்டுது. ஆட்டம்னு தோணவே இல்ல."

"அவரு தொறந்தாரு," என்றேன். "எம்மெட்டைத் திட்டினாரு. தடியான்னாரு."

"அப்படியா," என்றார் ஆர்லன். அவர் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்றாள் ரோக்ஸேன் என்னிடம்.

நான் தொடங்கினேன். நாற்பது வருடம் வாய்க்குள் வைத்திருந்த கதை. வெளியே வந்தபோது அது அவருடைய வார்த்தைகளாகவே வந்தது. அவர் நிறுத்தும் இடங்களில் நிறுத்தினேன். என் கண்ணால் பார்த்தது எது, அவர் சொல்லிக் கேட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன். பாரம் இறங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. ஒன்றும் இறங்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

வண்டியை நான்தான் ஓட்டினேன். பாலம் தாண்டும்போது, "கோவமா இருக்கியா?" என்று கேட்டார்.

"தெரியல."

"சரி," என்றார்.

அதன் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "வெர்னாவைக் கேளுங்க, அவதான் பாத்தா," என்பார். நான் சொல்வேன். எனக்குக் கதை சொல்ல வராது. மரியாதைக்குக் கேட்டுவிட்டு, பாதியிலேயே அவர் பக்கம் திரும்பி வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டு வருடம் கழித்து மார்ச் மாதம் ஆர்லன் போய்ச் சேர்ந்தார். இதயம். அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. ஆலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர், நடக்கக் கம்பு வைத்திருந்தார், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஐஸ் ஆட்டத்தை ஆர்லன் சொல்லிக் கேக்கணும். அவன் மாதிரி யாராலயும் சொல்ல முடியாது. நீதான் பாவம், கார்ல உக்காந்திருந்தே."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஆமா," என்றேன். "ரொம்பக் குளிரு."

அவர் தலையாட்டினார். இன்னொரு பன்றிக்கறி சாண்ட்விச் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். போதும் என்றேன்.