கடவுளின் தெனியே

ரொட்டிக் கடையில் அது வெறும் தெனியே. தேய்ந்து, ஓரம் கறுத்து, நகத்தைவிடச் சற்றே பெரிய காசு. பேரம் முடிந்து அச்சாரமாக உள்ளங்கையில் விழுந்துவிட்டால் அதன் பெயர் கடவுளின் தெனியே.

நேற்று அது எர்சாந்தின் கையில் விழுந்தது. அவள் மகள் ஓதியேர்ன் ஏழு வருடம் நெசவுக்காரி மபீலின் வீட்டில் தங்கி வேலை செய்ய வேண்டும். மகளுக்குச் சாப்பாடு, வீட்டுக்கு ஒரு மூட்டை கோதுமை.

"கை என்ன இப்பிடி முள்ளங்கி வாலாட்டம் இருக்கு? இவ நூல இழுப்பாளா, நூலு இவள இழுத்துட்டுப் போயிருமா?" என்றாள் மபீல்.

"இழுத்துட்டுப் போற எடத்துல சூப்பு இருந்தா சரி" என்றாள் ஓதியேர்ன்.

மபீல் வயிறு குலுங்கச் சிரித்தாள். எர்சாந்துக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதுப் பெண், பசியை வைத்து வேடிக்கை பேசக் கற்றிருந்தாள்.

மறுநாள் சூரியன் மறைவதற்குள் அதே காசைத் திருப்பிக் கொடுத்தால் பேரம் முறிந்துவிடும். ப்ரோவேன் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். புருஷன் போனபின் வருகிற முதல் குளிர்காலம் இது. மாவுப் பானை காலி. மகளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். எல்லாம் எர்சாந்துக்குத் தெரியும். ஆனாலும் இன்று மத்தியானம், அடுப்போரம் கிடந்த மகளின் மரச்செருப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். மாடத்தில் கைவிட்டுத் துழாவினாள். காசு இல்லை.

"எங்கடி அது?"

"கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

"கடவுள் காசுதானம்மா? அவர்கிட்டயே குடுத்துட்டேன்." ஓதியேர்ன் தரையைப் பார்த்தாள். "நீ திருப்பிக் குடுத்துருவேன்னு தெரியும். காலையிலேருந்து என் தலையத் தடவிக்கிட்டே இருந்தியே."

எர்சாந்த் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதி. இனித் தான் எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்ற நிம்மதி. கோபமும் அழுகையும் அதற்குப் பின்னால்தான் வந்தன. எவ்வளவு நேரம் இருந்திருக்கும் அந்த நிம்மதி? ஒரு மூச்சு விடும் நேரம். அந்த நேரத்தில் முகம் எப்படி இருந்ததென்று அவளுக்குத் தெரியாது. மகள் நிமிர்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லம்மா" என்றாள் ஓதியேர்ன்.

எர்சாந்த் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள், தன் முகம் அவளுக்குத் தெரியாதபடி.