நடைப் பிரிவின் வண்டி

எங்கள் மேடம் நகராட்சியின் நடைப் பிரிவுக்குத் தலைவி. "பக்கத்துத் தெருவுக்கு வண்டி எதற்கு? நடந்தே போங்கள்" என்று ஊருக்கு உபதேசம் செய்வது அவர் வேலை. உபதேசம் செய்யும் இடத்துக்கெல்லாம் அவரைக் காரில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சோறு போடுகிற விஷயத்தை நோண்டிப் பார்க்கும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

என் மனைவிதான் நோண்டினாள். அவள் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். "ஏங்க, அந்தம்மா பேசுறதை அந்தம்மாவே நம்பிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். நான் தற்காலிக ஓட்டுநர். வண்டி நின்றால் மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரமே மேடம் நம்பித் தொலைத்தார். நடை இயக்கத் தொடக்க விழாவுக்கு எல்லாப் பிரிவுத் தலைவர்களும் அலுவலகத்திலிருந்து மண்டபம் வரை நடந்துதான் வர வேண்டும் என்று ஏற்பாடு.

"இன்னைக்கு உங்களுக்கு ரெஸ்ட்" என்றார் மேடம் விழாவன்று காலையில், ஏதோ வரம் கொடுப்பதுபோல. "பழகிடுச்சுன்னா தினமுமே நடந்துடலாம்னு இருக்கேன்."

ரெஸ்டாம் ரெஸ்ட்! ஓட்டுநர்களான எங்களுக்கு ஒரே வேதம்தான்: அதிகாரி திரும்பிப் பார்த்தால் வண்டி கண்ணில் பட வேண்டும். நடக்கிறேன் என்பார்கள், கால் வலித்ததும் "எங்கய்யா வண்டி?" என்று குதிப்பார்கள். அதனால் மேடம் நடக்க ஆரம்பித்ததும் நானும் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் கணக்குப் பிரிவின் கார், அதற்குப் பின்னால் குடிநீர்ப் பிரிவின் ஜீப், குப்பைப் பிரிவு, விளக்குப் பிரிவு. யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. எல்லோரும் அதே வேதம் படித்தவர்கள். முன்னால் அதிகாரிகள் நடக்க, பின்னால் காலி வண்டிகள் ஊர்ந்ததில் அந்தக் குறுகிய கடைத்தெரு மொத்தமாக அடைத்துக்கொண்டது.

கடைசியில் ஒரு பேருந்து. ஹாரன் அடித்து அடித்து அதுவும் ஓய்ந்துபோனது. உள்ளே இருந்த ஜனங்கள் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியபடி இறங்கி நடந்தார்கள். எங்கள் பிரிவு நிஜமாகவே நடக்கவைத்த முதல் கூட்டம் அதுதான்.

அதில் ஒருத்தி என் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். பார்த்தால் என் மனைவி. முகமெல்லாம் வியர்வை, தோளில் சாப்பாட்டுப் பை. நானோ குளுகுளுவென்று தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏறிக்கோ" என்றேன்.

"ஐயோ, வேணாங்க. ஏறினா லேட்டாயிடும்."

சொல்லிவிட்டு, மேடத்தையும் தாண்டிப் போய்விட்டாள்.

மாலையில் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். தெருவை அடைத்ததற்குச் சீட்டு கிழியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவருக்கு முகமெல்லாம் பல். மேசையில் ஒரு போட்டோ: அதிகாரிகள் நடுவில், சுற்றிலும் தெரு கொள்ளாத ஜனம்.

"பாத்தீங்களா? பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நம்மகூட நடக்குறாங்க! மேலிடத்துல ஒரே பாராட்டு. இனிமே வாராவாரம் நடக்கப்போறோம்."

"அப்ப நான், மேடம்?"

"நீங்க இல்லாமயா? இன்னைக்கு மாதிரியே பின்னாடி வாங்க. உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன்."

கால் தரையில் பாவவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மனைவி வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால்களைப் பார்த்ததும் பாதி சந்தோஷம் வடிந்துவிட்டது. இருந்தாலும் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள், மனசாரத்தான். "எந்தக் கிழமைன்னு மட்டும் கேட்டுச் சொல்லிடுங்க. அன்னைக்கு நான் பஸ் ஏறாம வீட்டுலேருந்தே நடந்துடுறேன்."