நோட்டில் எழுதிய புரோகிராம்

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரி. தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்தார் கோமதிசங்கர். குருவிகுளத்துப் பொன்செல்வி மட்டும் வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதி நீட்டினாள்.

“வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது சார்.”

“நல்லாருக்கும்மா! பேப்பர்ல தோசைய வரைஞ்சு கொண்டாந்து திங்கச் சொல்லுத!”

வகுப்பே சிரித்தது. நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் முட்டை மார்க் போட்டார். மறுவாரத்திலிருந்து அவள் வரவில்லை. நோட்டு அவர் மேசையிலேயே கிடந்தது.

பரீட்சை லீவில் மேசையை ஒதுக்கும்போதுதான், பாருங்கள், அதைப் பிரித்தார். ஆடு சினையான தேதியைக் கொடுத்தால், குட்டி போடும் நாளைச் சொல்லும் புரோகிராம். எழுதியிருந்தபடியே கம்ப்யூட்டரில் தட்டினார். முதல் தடவையிலேயே ஓடியது.

உடனே அவள் வீட்டு செல் நம்பருக்குப் போன் போட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பா எடுத்தார்.

“அவ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா சார். படிப்பு மண்டையில ஏறலன்னு ஒரே அழுகை.”

“அண்ணாச்சி, உங்க மக எழுதுனது சரியா இருக்கு.”

அப்பா கத்திய ஆடுகளை அதட்டிவிட்டுப் போனுக்கு வந்தார்.

“அத அன்னைக்கே அவகிட்ட சொல்லியிருக்கலாமே சார்” என்றார் அவர்.