சத்தமில்லாத பிரேக்

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் என்மேல் கை ஓங்கியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, ஏன் லேட் என்று குரலை உயர்த்திக் கேட்டதுகூட இல்லை. இருந்தும் வாரத்தில் ஒரு நாள் அவரைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் அவர் என் மொபெட்டைப் பிரித்துப் போட்டு சர்வீஸ் செய்வார். மறுநாள் காலையில் அதில் ஏறி வேலைக்குப் போவது நான்.

அவர் சட்டை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். துணியில் அவர் கத்திரி வைத்தால் நூல் பிசகாது. ஸ்பேனர் பிடித்தால் கதை வேறு. முன்பெல்லாம் அந்த வண்டியை அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் எவனோ பின்சக்கரத்து நட்டை ஒழுங்காக முறுக்காமல் கொடுத்துவிட்டான். வரும் வழியிலேயே சக்கரம் கோணிக்கொண்டு அவரைத் தூக்கி ரோட்டில் போட்டுவிட்டது. தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. மனசு கூடவில்லை. அதற்கப்புறம் அவர் வண்டியில் உட்காருவதே இல்லை, எங்கே போனாலும் பஸ்தான்.

எனக்கு அந்தக் கதை ஒத்துவராது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கடை இருப்பது ஊரின் அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போனால் முதலாளி வாசலிலேயே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் மூலையில் கிடந்த வண்டியை நான் ஓட்டப் பழகி எடுத்துக்கொண்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எந்த மெக்கானிக்கும் இதுல கை வைக்கக் கூடாது. நானே பார்த்துக்கறேன். இன்னொருத்தனை நம்பி உன்னை ரோட்டுக்கு அனுப்ப என்னால முடியாது."

கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைத்தியக்காரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பரைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது, இருந்தாலும் பிரிப்பார். அதுதான் கோளாறு. "நட்டு டைட்டா இருக்கான்னு கழட்டிப் பார்த்தாத்தானே தெரியும்" என்பார். இந்த நியாயத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே திங்கட்கிழமைகளில் நான் ஒரு திருட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று பார்க்கும்வரை நேராகப் போவேன். தெரு திரும்பியதும் இறங்கி, பம்பு அண்ணன் ஷெட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன். ஷெட் வாசலில் எப்போதும் காற்றடிக்கும் பம்பு நிற்பதால் மெக்கானிக்குக்கு அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் ஒரு நாள் பூராவும் செய்ததை அவர் புலம்பிக்கொண்டே அவிழ்த்து மறுபடி முறுக்கித் தருவார். ஒரு வாரம் பின்சக்கரத்து நட்டு கையாலேயே சுழன்றது. ஒரு வாரம் செயினை இழுத்த இழுப்பில் சக்கரம் சுற்றவே மறுத்தது. இன்னொரு வாரம் பெட்ரோல் டியூபில் கிளிப் இல்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு உங்க மேல ஏதாவது கோபமா தங்கச்சி?" என்று கேட்டார் அன்றைக்கு.

"பாசம்ணே."

"அதுக்குக் கோபமே தேவலை."

வீட்டில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பம்பு அண்ணனும் வாராவாரம் கேட்டார். கீழே விழுந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் ரோட்டைக் கடக்கும்போதுகூட என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். திங்கட்கிழமை காலையில் சாவியை என் கையில் வைக்கும் அந்த நிமிஷத்தில் மட்டும் பழைய ஆளாக நிமிர்ந்து நிற்பார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மகள் ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டாள். பரீட்சை வேறு. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்று கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா கூட வண்டியில போ" என்றார் அவர். "நேத்துதான் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கேன். பிரேக் பிடிச்சா கீச்சு கீச்சுன்னு கத்திட்டு இருந்துச்சுல்ல? ரெண்டு சக்கரத்தையும் பிரிச்சு உள்ள வரைக்கும் சரி பண்ணிட்டேன். இனிமே சத்தமே வராது பாரு."

எனக்குப் பகீரென்றது. நான் தனியாகப் போவது வேறு, பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு போவது வேறு. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். பம்பு அண்ணன் ஷெட் வரைக்கும்தானே, அங்கே போய்விட்டால் கவலை இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஷெட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. பம்பைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், "அவர் அக்காவுக்கு உடம்பு முடியலையாம், ஊருக்குப் போயிட்டார்" என்றார்.

வண்டியை ஸ்டாண்டில் போட்டேன். பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் எனக்கும் பழகியிருந்தது. சக்கரங்களைப் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை. நட்டுகளைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. டயரை அமுக்கினேன், காற்று இருந்தது. பிரேக் லீவர் இரண்டையும் பிடித்தேன், நன்றாக இறுகியது. எதிலும் குறை தெரியவில்லை, அதனாலேயே பயம் கூடியது. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று இருக்கும். இந்த வாரத்தினுடையது எங்கே ஒளிந்திருக்கிறது?

"அம்மா, மணியாகுது" என்றாள் மகள்.

போனேன். சைக்கிள்காரர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்தபோது சொன்ன மாதிரியே சத்தம் வரவில்லை. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தைத் தாண்டி நின்றது. பின்னால் கூடுதலாக ஆள் இருக்கிறதே, அதனால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்துப் பிடி வழுக்கியது. சுடிதாரில் துடைத்துவிட்டுப் பிடித்தேன்.

ரயில்வே லைனுக்கு மேலே ஒரு பாலம் உண்டு. ஏறும்போது வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உச்சிக்கு வந்ததும் கீழே சிக்னல் தெரிந்தது. சிவப்பு. வரிசையின் கடைசியில் இரும்புக் கம்பி ஏற்றிய ஒரு லாரி. கம்பிகள் லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மெதுவாகப் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் இறுகியது. வண்டி வேகம் குறையவில்லை. இன்னும் அழுத்தினேன். லீவர் கல் மாதிரி நின்றது, சக்கரம் பாட்டுக்கு உருண்டுகொண்டே இருந்தது. இரண்டு லீவரையும் விரல் எலும்பு நோகும்வரை பிடித்தேன். எந்தச் சத்தமும் இல்லை. அந்தக் கீச்சு ஒரு தடவை வந்துவிடாதா என்று ஏங்கினேன்.

"என்னம்மா?" என்றாள் மகள். பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. என்னை இறுக்கிப் பிடிச்சுக்கோ. முகத்தை என் முதுகுல வெச்சுக்கோ."

இரண்டு காலையும் கீழே ஊன்றித் தேய்த்தேன். ஒரு செருப்பு கழன்று போனது. கம்பிகளின் நுனி ஒவ்வொன்றாகத் தனித்தனியே தெரிய ஆரம்பித்தது. அந்த உயரத்தில் என் கழுத்து இருக்கிறது, என் கழுத்துக்குப் பின்னால் பிள்ளையின் நெற்றி இருக்கிறது. இது மட்டும்தான் ஓடியது மண்டையில். கடவுளைக்கூட நினைக்கவில்லை.

பாலம் முடியும் இடத்தில் இடப்பக்கம் ஒரு சிமெண்ட் கோடவுன். லாரி ஏறி உள்ளே போவதற்கு வாசலில் சரிவாக மேடு போட்டிருப்பார்கள். மேட்டில் ஏறினால் வண்டி தானாகத் தளரும் என்று என் புத்திக்கு எட்டியதா, கம்பிக்குப் பயந்து கை தானாக ஒடித்ததா, தெரியாது. இடப்பக்கம் திருப்பினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேட்டில் ஏறியது, தளர்ந்தது, நின்றது. நின்ற கையோடு பின்னால் உருள ஆரம்பித்தது. அப்போதும் பிரேக் பிடிக்கவில்லை. காவல்காரர் ஒருவர் ஓடிவந்து லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டையைப் பின்சக்கரத்தின் அடியில் உதைத்துத் தள்ளினார்.

இறங்கினேன். அப்படியே சிமெண்ட் தூசியில் உட்கார்ந்து மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவள் உதடு வெளுத்திருந்தது. ஸ்கூல் அடுத்த தெருவில்தான். நடந்தே போய்விடுகிறேன் என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டவள், திரும்பி வந்து என் காதோடு சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லாதேம்மா. பாவம்."

எனக்கு அதுவரை இருந்தது பயம் மட்டும்தான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆத்திரம் வந்தது. அவர்மேல் இல்லை. செத்துப் பிழைத்த பிள்ளை அப்பாவின் மனசு நோகக் கூடாது என்று யோசிக்கிறதே, இதை யாரிடமிருந்து கற்றுக்கொண்டது? காவல்காரர் என் செருப்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் போனை எடுத்துவிட்டேன்.

"பாலத்துக்குக் கீழ வாங்க. ஸ்பேனர் எடுத்துட்டு வாங்க."

அவர் பாலத்தின்மேல் ஓடி வருவதைத் தூரத்திலேயே பார்த்தேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வந்ததும் முதலில் என்னைச் சுற்றிப் பார்த்தார், அப்புறம் யாரையோ தேடினார்.

"குட்டி எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிட்டா. நல்லா இருக்கா. முன்சக்கரத்தைக் கழட்டுங்க."

கழற்றினார். ஸ்பேனர் நட்டில் உட்காரவே நேரம் பிடித்தது. பிரேக் தட்டை உருவி வெளியே எடுத்தார். உள்ளே இருந்த இரண்டு பிரேக் கட்டைகளிலும் கிரீஸ், விரலால் வழித்துப் பூசியிருந்தது. வெயிலில் பளபளவென்று இருந்தது.

"சத்தம் வந்துச்சேன்னு..." என்றார்.

"அது உரசணும்ங்க. உரசினாத்தான் வண்டி நிக்கும். நான் லென்ஸ் தேய்க்கிற கல்லுல எண்ணெயைத் தடவினா அது தேய்க்குமா?"

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு விட மனசில்லை. லாரியைச் சொன்னேன், கம்பியைச் சொன்னேன், குட்டி காதில் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். பம்பு அண்ணனையும் சொன்னேன். வாராவாரம், தெரு திரும்பியதும்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு விரலால் அந்தக் கிரீஸை வழித்துப் பார்த்தார்.

"நீ கடைக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது" என்றார். "போன் வந்ததும், சரி, நாம பண்ணினது கரெக்டுதான், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் உள்ள பிரிச்சுப் பார்க்கலாம்னு தோணும். நீ வாராவாரம் பத்திரமாப் போய்ச் சேர்ந்தது என்னாலன்னு நினைச்சுட்டேன்."

அவரை முதலில் நட்டு வரைக்கும், அப்புறம் செயின் வரைக்கும், கடைசியில் பிரேக்குக்கு உள்ளே வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது நான்தான். "வந்து சேர்ந்துட்டேங்க" என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் பம்பு அண்ணனை மறைத்துப் போனில் சொன்னேனே, அந்தப் பொய்தான். பிள்ளையை அந்தக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதில் பாதி என் கை.

"இனிமே ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். "கையைக் கட்டிட்டு சும்மா உட்கார்ந்தா எனக்கு பயமா இருக்குமே."

"பயப்படுங்க. எனக்கும்தான் பயமா இருக்கு. என்கிட்ட சொல்லிட்டுப் பயப்படுங்க, நானும் சொல்லிட்டுப் பயப்படறேன். வண்டியை மட்டும் தொடாதீங்க."

சரி என்று தலையாட்டினார். கண்ணைத் துடைக்கப் போய் நெற்றியெல்லாம் கிரீஸ். சக்கரத்தை மாட்டினார். நட்டை முறுக்கிவிட்டு, காவல்காரரைக் கூப்பிட்டு ஸ்பேனரை நீட்டி, "நீங்க ஒரு தடவை முறுக்கிப் பாருங்க" என்றார். காவல்காரர் முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

பஸ் டிப்போ பக்கம் வேறொரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது என்று காவல்காரர் சொன்னார். அங்கே போகப் பாலத்தைத் திரும்பவும் தாண்ட வேண்டும். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன், அவர் பின்னால் நின்று தள்ளினார். ஏற்றம் பாதகமில்லை. உச்சியைத் தாண்டியதும் வண்டி என்னை இழுக்க ஆரம்பித்தது. அவர் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தார். ஒரு தடவை உடைந்து கூடிய தோள்பட்டை அது. அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கீழே இந்தப் பக்கமும் ஒரு சிக்னல், அதுவும் சிவப்பில் இருந்தது. என் கால் தானாக நின்றுவிட்டது.

"பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார் பின்னாலிருந்து. "மெதுவாப் போ. நான் பிடிச்சுட்டு வரேன்."